மூன்று மூச்சு

கடிதம் வந்தபோது கதவுக்காரர் வீட்டில் இல்லை. பகல் பதினோரு மணிக்கு அவர் வேறெங்கே இருப்பார், கதவுப் பக்கத்தில்தான் இருப்பார். நாடாளுமன்ற அவையின் வலப்பக்கக் கதவு அவர் பொறுப்பு. இருபத்தாறு வருஷமாக அதைத் திறந்து சாத்துகிறவர். வெண்கலக் கைப்பிடியைத் துடைக்கிற துணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து தானே துவைத்துக்கொள்வார். "அந்தக் கதவையே கட்டிக்கிட்டிருக்கலாமே" என்று சொல்லிச் சொல்லி அவர் மனைவிக்கு அலுத்துப்போயிருந்தது.

மனைவிக்கும் தலைக்கு மேல் வேலை. சட்டைக் கம்பெனிக்காரன் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிற சட்டைகளுக்கு வீட்டிலேயே மெஷின் போட்டுக் காஜா எடுத்துக் கொடுக்கிறவள். பொத்தான் நுழைகிற ஓட்டைதானே என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். ஓட்டை போட எலி போதும், காஜா எடுக்கக் கண் வேண்டும் என்பாள். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கண்ணைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலமானால் இடது கண்ணில் நீர் வடியும். அந்தத் தெருவில் மட்டும் இப்படி வீட்டிலிருந்து தைக்கிற பெண்கள் நாற்பது பேர் இருந்தார்கள். கம்பெனியில் போய்க் கேட்டால், நீ எங்கள் ஆளே இல்லை என்பான். அரசாங்கத்தில் கேட்டால், வீட்டில் உட்கார்ந்து செய்வதெல்லாம் தொழிலில் சேராது என்பார்கள்.

உறையின் மேலிருந்த முத்திரையைப் பார்த்ததும் உறையைத் தள்ளி வைத்தாள். பிரிக்காமலே தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன். ஊரார் கொண்டுவரும் கோர்ட்டுத் தாள்களை நகலெடுத்து நகலெடுத்துத் தானும் பாதி வக்கீல் ஆகிவிட்டதாக அவனுக்கு நினைப்பு.

வந்தவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தான்.

"விதிகள் மற்றும் நடைமுறைக் குழு. அக்கா, இது பெரிய இடத்துச் சமாச்சாரம்."

"பெரிய இடம்னு எனக்கும்தான் தெரியுது. விஷயத்தைச் சொல்லு."

"மாமா நேர்ல போய்ச் சாட்சி சொல்லணுமாம். புதன்கிழமை காலைல."

"சாட்சின்னா பயமில்லையே?"

"முதல்ல எல்லாரையும் சாட்சின்னுதான் கூப்பிடுவாங்க. உள்ள போனப்புறம்தான் தெரியும். அவைக் குழு கூப்பிட்டு ஒருத்தரை ஜெயிலுக்கே அனுப்பின கதை இருக்கு."

"வாயைக் கழுவுடா."

"இருக்கிறதைச் சொன்னேன். மாமாவுக்கு ரிட்டையர் ஆக இன்னும் எத்தனை வருஷம்?"

"ரெண்டு."

அவன் நாக்கால் ஒரு சத்தம் செய்தான். அந்தச் சத்தத்துக்கு அவள் அவனை அடித்திருப்பாள், கையில் சட்டை இருந்ததால் விட்டாள். கடிதத்தின் மறுபக்கத்தைத் திருப்பிப் படித்தவன்தான் சொன்னான், எந்த வாக்கெடுப்பைப் பற்றிய விசாரணை என்று. போன மாதம் இரு பக்கமும் சம ஓட்டு விழுந்து, ஒரே ஒரு ஓட்டு இல்லாமல் தோற்றுப்போனதே, வீட்டில் தைப்பவர்களும் தொழிலாளர்களே என்கிற மசோதா, அதைப் பற்றியது.

அந்த மசோதாவுக்காக அவள் மூன்று தெருவில் வீடுவீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவள். தோற்றது என்று கேள்விப்பட்ட அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை. ஓட்டுப்போட வேண்டிய ஒரு பெண் உறுப்பினர் நேரத்துக்கு வரவில்லையாம், கதவு சாத்திவிட்டதாம். "நாலு எட்டு வச்சு நேரத்துக்கு வரத் துப்பில்லாதவங்களுக்கு எதுக்குப் பதவி" என்று ஒரு மாதமாக அந்த அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் புருஷன் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நல்ல மழை. கதவுக்காரர் குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தார். வழக்கமாக வந்ததும் ஒரு டீ, இரண்டு துண்டு ரொட்டி. பிறகு மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவள் காஜா எடுத்துப் போடுகிற சட்டைகளில் நூல் பிசிறு வெட்டித் தருவார். அதற்கென்று விரல் நீளத்தில் ஒரு கத்தரி உண்டு. அவள் மெஷினும் இவர் கத்தரியும் பேச்சுமாக ஒரு மணி நேரம் போகும். பிள்ளை வெளியூரில் வேலைக்குப் போன பிறகு அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுக்குக் குடும்பம்.

அன்றைக்கு டீ இருந்தது, ரொட்டி இல்லை. கடிதம் முக்காலியின் மேல் இருந்தது.

அவர் நின்றபடியே படித்தார்.

"உங்க கதவா அது?" என்றாள்.

"ஆமா."

"ஒரு மாசமா எங்கிட்ட சொல்லல."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? ஓட்டெடுப்புக்கு நாலு நிமிஷம் மணி அடிக்கும். நின்னதும் சாத்தணும். சாத்தினேன். விதி அதுதான்."

அவள் மெஷினை ஓட்டத் தொடங்கினாள். மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. விதிப்படி செய்தவரை யார் என்ன செய்துவிட முடியும். ஒரு சட்டை முடிந்தது. அடுத்ததை எடுத்துக் கழுத்துப் பட்டையை ஊசிக்கடியில் வைத்தவள், அப்படியே நிறுத்தினாள்.

"மூணு மூச்சு விட்டீங்களா?"

இந்த மூன்று மூச்சு என்னவென்று சொல்லிவிட வேண்டும். விதிப்புத்தகத்தில் மணி நின்றவுடன் கதவைச் சாத்த வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் கதவுக்காரர்களுக்கென்று ஒரு வழக்கம், யாரும் எழுதிவைக்காதது. மணி நின்ற பிறகு நிதானமாக மூன்று மூச்சு விடுவது. தாழ்வாரத்தில் யாராவது ஓடிவருகிற சத்தம் கேட்டால் அந்த மூன்று மூச்சில் வந்து விழுந்துவிடுவார்கள். எந்தக் கட்சி, பெரியவரா சின்னவரா என்கிற பேதம் கிடையாது. இவருக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், இவரும் செய்தார். மனைவியிடம் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நாட்டுச் சட்டமெல்லாம் என் மூச்சில் ஓடுகிறது என்றுகூட ஒரு நாள் சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இன்னொன்றும் உண்டு. உறுப்பினர்களின் காலடிச் சத்தம் அவருக்கு அத்துப்படி. தாழ்வாரத் திருப்பத்தில் வரும்போதே இன்னார் என்று சொல்லிவிடுவார். ஆணி அடித்த பூட்ஸ் போட்ட ஒருத்தருக்கு லாடம் என்று பேர் வைத்திருந்தார்கள். ஒரு முழங்கால் மடங்காமல் தடி ஊன்றி வருகிற ஒரு புது உறுப்பினர் இருந்தார். அவருக்குக் கைத்தடியம்மா என்று பேர்.

"கேக்கிறேன்ல? விட்டீங்களா?"

மழைச் சத்தம் கூரையில் கேட்டுக்கொண்டிருந்தது.

"விடல" என்றார்.

"ஏன்?"

"அன்னைக்குக் காலைல அந்தம்மா அடையாள அட்டை இல்லாம வந்தாங்க. அட்டை எங்கன்னு கேட்டேன். கதவைத் திறக்கிறதுதானே உங்க வேலை, அதைச் செய்யுங்கன்னாங்க. பத்துப் பேரு பார்த்துக்கிட்டு நின்னாங்க."

"அதுக்கு?"

"மத்தியானம் மணி நின்னுச்சு. தடிச் சத்தம் கேட்டுச்சு. அவங்கதான்னு தெரிஞ்சுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "கை தானா சாத்திடுச்சு."

"கை தானா சாத்தாது. ரெண்டு கையும் போட்டுத் தள்ளுற கதவு அது. நீங்கதானே சொல்லுவீங்க."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ ஒருத்தியைத் தான் திட்டத் திட்டத் தலையாட்டியிருக்கிறாரே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எந்த மசோதான்னு தெரியும்ல உங்களுக்கு?"

"கதவுப்பக்கம் நிக்கிறப்ப உள்ள என்ன ஓடுதுன்னு காதுல விழாதும்மா. அப்புறம்தான் தெரிஞ்சது."

"தெரிஞ்சு ஒரு மாசம் ஆச்சு."

முக்காலியில் கிடந்த சின்னக் கத்தரியை எடுத்து மெஷின் இழுப்பறையில் போட்டு மூடினாள். பிசிறைத் தானே பல்லால் கடித்துத் துப்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். அவர் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, மழை பெய்கிறது என்றும் பாராமல் வாசலில் போய் நின்றார்.

புதன்கிழமை வருவதற்குள் இடப்பக்கக் கதவுக்காரர் இவரைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தாழ்வாரத்துத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுக்கிவைத்துச் சொன்னார்.

"மணி நின்னுச்சு, சாத்தினேன். இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத."

"அதுதான் நடந்துச்சு."

"அந்த மூச்சுக் கதையை மட்டும் எடுத்துடாத. எடுத்தா என் கழுத்துக்கும் வரும். முப்பது வருஷமா மூணு மூச்சுல உள்ள வந்தவன் போட்ட ஓட்டெல்லாம் செல்லாதுன்னு எவனாவது கிளம்பினா என்ன பண்ணுவ? குடியிருக்கிற குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னா எங்க போய் நிப்ப?"

"சொல்லமாட்டேன்ப்பா."

"சத்தியமா?"

"தண்ணியைப் பிடி, வழியுது பாரு" என்று பேச்சை மாற்றினார்.

வீட்டில் அந்த ஐந்து நாளும் சோறு இருந்தது, பேச்சு இல்லை. புதன்கிழமை காலை அவருடைய சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைத்திருந்தாள். மேல் காஜா நைந்திருந்ததைப் புதிதாகக் கட்டியிருந்தாள். போய்வருகிறேன் என்றதற்குப் பதில் வரவில்லை. படியிறங்கிய பிறகு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"வேலை போனா போகட்டும். தெருவுல நாப்பது பேரு என் மூஞ்சியைப் பார்க்கிறாங்க. எனக்கு அதுதான் பெருசு."

குழுவின் அறை அவர் நினைத்த அளவு பெரிதாக இல்லை. நீள மேஜை, பச்சை விரிப்பு, மூடி போட்ட தண்ணீர்த் தம்ளர்கள். எல்லாக் கட்சியிலிருந்தும் சேர்த்து ஏழு பேர். தலைவர் இரண்டு மூக்குக்கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போடுகிற வயதானவர். மேஜைக்கோடியில் குறிப்பெழுதுகிற செயலர். அவருக்கு எதிரில், தடியை நாற்காலியில் சாய்த்துவைத்துக் கைத்தடியம்மா. மனுக் கொடுத்தவர் அவர்தான் என்று அப்போதுதான் கதவுக்காரருக்குத் தெரிந்தது.

மனுவில் அவர் கதவுக்காரரைக் குறை சொல்லியிருக்கவில்லை. நாலு நிமிஷ மணி என்பது எல்லா அறைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தில் வைத்த விதி. இப்போது பாதிப் பேருக்குப் புதுக் கட்டடத்தில் அறை. அங்கிருந்து அவைக்கு ஆயிரத்து இருநூறு அடி, நடுவில் இரண்டு படிக்கட்டு. நல்ல காலுள்ளவரே ஓடித்தான் வரவேண்டும். விதியை மாற்றுங்கள் என்பதுதான் மனு. செயலர் அதை வாசிக்க வாசிக்கக் கதவுக்காரருக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி குத்தியது.

தலைவர் மெதுவாகக் கேட்டார். மணி எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, எப்போது சாத்தினீர்கள். இவர் சொன்னார். செயலர் கடிகாரப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைத்தார்.

"நீங்க விதிப்படிதான் செஞ்சிருக்கீங்க. அவ்வளவுதான், போகலாம்."

கதவுக்காரர் எழுந்தார். தொப்பியைக் கையில் எடுத்தார். அந்த அறைக்கும் ஒரு கதவு இருந்தது, பத்தடி தூரம்தான், போயிருக்கலாம். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஐயா, இன்னொண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"மணி நின்னதும் நாங்க மூணு மூச்சு விட்டுத்தான் சாத்துவோம்."

செயலரின் பேனா நின்றது. ஒரு உறுப்பினர் முன்னால் சாய்ந்தார்.

"யார் கொடுத்த உத்தரவு?"

"யாரும் கொடுக்கலைங்க. எனக்கு முன்னாடி இருந்தவர் செஞ்சாரு. ஓடி வர்றவங்களை முகத்துல அடிச்ச மாதிரி சாத்தக்கூடாதுன்னு."

"எல்லாருக்கும் உண்டா?"

"எல்லாருக்கும் உண்டுங்க. அன்னைக்கு இந்தம்மாவுக்கு மட்டும் இல்ல. தடிச் சத்தம் கேட்டுச்சு, அவங்கதான்னு தெரியும். தெரிஞ்சுதான் சாத்தினேன். காலைல அவங்க பேசினது மனசுல இருந்துச்சு."

கைத்தடியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் என்ன பேசினேன்?"

நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு மாதம் இவர் நெஞ்சில் வைத்துக் குமைந்துகொண்டிருந்த சொல்லைச் சொன்னவர் அன்று மத்தியானமே மறந்திருக்கிறார். கதவுக்காரருக்கு அவமானம் கழுத்துவரை ஏறியது.

"ஒண்ணும் பெருசா இல்லைங்க" என்றார்.

தலைவர் கண்ணாடியை மாற்றினார். "அந்த மூணு மூச்சு எவ்வளவு நேரம்?"

"பத்து எண்ணுற நேரம் இருக்குங்க."

"எல்லாக் கதவுக்கும் அதே பத்தா?"

"என் மூச்சுக்குப் பத்து. இடப்பக்கத்துக்காரருக்கு..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தலைவர் சிரித்தேவிட்டார். "பயப்படாதீங்க. யாரையும் தண்டிக்கிற குழு இல்ல இது. அதுக்கு உரிமைக் குழுன்னு தனியா இருக்கு. நாங்க விதி சரியா இருக்கான்னு பார்க்கிறவங்க. நடந்து முடிஞ்ச ஓட்டு முடிஞ்சதுதான், அதையும் தொட முடியாது." பிறகு சிரிப்பு போய்விட்டது. "ஆனா ஒண்ணு. ஒருத்தர் மனசு நல்லா இருந்தா வழி, இல்லைன்னா அடைப்புன்னு இத்தனை வருஷம் இந்த அவை நடந்திருக்கு. அது உங்க தப்பு மட்டும் இல்ல. நாங்க எழுதி வைக்கல."

கதவுக்காரருக்கு அது ஆறுதலாக இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திட்டுவதற்கு வேறு ஆள் இருந்தார்கள். இடப்பக்கக் கதவுக்காரர் ஒன்றரை மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நிர்வாகத்திலிருந்து கண்டித்து ஒரு கடிதம் வந்தது, பணிப் பதிவேட்டில் ஏறியது. வேலை தப்பியது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவி மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். "ம்" என்றாள். இழுப்பறை திறக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியபோது குழுவின் அறிக்கை அவையில் வைக்கப்பட்டு நிறைவேறியது. மணி இனி ஆறு நிமிஷம் அடிக்கும். மணி நின்ற பிறகு கதவுக் காவலர் ஒன்று முதல் பத்துவரை உரத்த குரலில், சீராக எண்ணிவிட்டுச் சாத்த வேண்டும். மைத்துனன் அதை நகலெடுத்துக் கொண்டுவந்து, "மாமா மூச்சு புஸ்தகத்துல ஏறிடுச்சு அக்கா" என்றான். அக்கா வாங்கிப் படித்துவிட்டு, சட்டை மூட்டைக்கு அடியில் மடித்து வைத்தாள்.

அடுத்த கூட்டத்தொடரில் அதே மசோதா மறுபடி வந்தது. தோற்றதை அதே தொடரில் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று ஒரு விதி இருப்பதால் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த முறை கதவுக்காரருக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று நன்றாகத் தெரியும். காலையிலிருந்து கைப்பிடியை மூன்று தடவை துடைத்துவிட்டார்.

மணி அடித்தது. ஆட்கள் வந்தார்கள். கைத்தடியம்மா நாலாவது நிமிஷத்திலேயே வந்து, அட்டையைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டுப் போனார். மணி நின்றது.

"ஒன்று" என்று ஆரம்பித்தார். தாழ்வாரம் வெறிச்சோடியிருந்தது. "இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து." ஆறு சொல்லும்போது திருப்பத்தில் சத்தம் கேட்டது. ஆணி அடித்த பூட்ஸ். லாடம். சட்டைக் கம்பெனிக்காரர்களுக்காக அந்த மசோதாவை முதல் நாளிலிருந்து எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தவர். கனத்த உடம்பு, ஓட முடியாமல் ஓடிவருகிறார்.

"ஏழு" என்றார். நாக்கு பரபரத்தது. எட்டையும் ஒன்பதையும் சேர்த்து உருட்டிவிட்டால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது. மனைவியின் நீர் வடிகிற கண் ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சாத்திய கையும் ஞாபகம் வந்தது.

"எட்டு" என்றார். அதே சீர். "ஒன்பது."

லாடம் நிலைப்படியைத் தாண்டி உள்ளே விழாத குறையாக வந்து சேர்ந்தார். "நல்ல வேளைப்பா" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"பத்து."

கதவைச் சாத்தினார். கால் மணி நேரம் கழித்து உள்ளிருந்து முடிவு கேட்டது. இரு பக்கமும் போன தடவையைவிட ஒவ்வொரு ஓட்டு கூடி, மறுபடி சம ஓட்டு. சமம் என்றால் மசோதா தோற்றதாகத்தான் கணக்கு.

அன்றைக்கு மெதுவாகத்தான் வீட்டுக்கு நடந்தார். தெருவில் தையல்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேராக வாசல்களில் நின்றிருந்தார்கள், செய்தி வந்துவிட்டிருந்தது. வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்தார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். லாடம் வந்ததை, எந்த எண்ணில் வந்தார் என்பதை, அந்த ஒரு ஓட்டு என்ன செய்தது என்பதை.

அவள் மெஷினை நிறுத்தினாள்.

"வேகமா எண்ணிடலாம்னு தோணுச்சா?"

"தோணுச்சு. ஏழுல."

"எண்ணலையே?"

"இல்ல."

அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். முந்தானையால் இடது கண்ணைத் துடைத்தாள். பிறகு வலது கண்ணையும் துடைத்தாள், அதில் நோய் கிடையாது.

"போன தடவை வாசல்ல தோத்தோம்" என்றாள். "யாரைப் போய்க் கேக்கிறதுன்னே தெரியல. இந்தத் தடவை உள்ள தோத்திருக்கோம். அந்த லாடத்தோட தொகுதியில எத்தனை பேரு தைக்கிறாங்கன்னு கண்டுபிடிக்கணும். நாளைக்குத் தம்பியை வரச்சொல்லுங்க, மனு நகலெடுக்கணும்."

"சொல்றேன்."

மெஷின் மறுபடி ஓடியது. காஜா முடிந்த ஒரு சட்டை அவர் மடியில் வந்து விழுந்தது. அவர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்க்காமலே இழுப்பறையைத் திறந்து, சின்னக் கத்தரியை எடுத்து நீட்டினாள்.

"பிசிறு" என்றாள்.